கண்ணாடி அறைக்கு எதிர் மேசை

எங்கள் அலுவலகத்தில் பதினாறு கேமராக்கள் இருந்தன. அவற்றில் பதினொன்று வேலை செய்யவில்லை என்பதைக் கண்டுபிடித்தவர் நாங்கள் சிசிடிவி அக்கா என்று அழைத்த சக ஊழியர். மேனேஜர் அறைக்குப் போய், "படிக்கட்டுப் பக்கம் இருக்கிற கேமரா செத்துப்போயி ரெண்டு மாசம் ஆச்சு போஸ், சிவப்பு லைட்டே எரியல" என்று சொன்னவர், அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதனாலதான் நீங்களும் அங்க நின்னு சிகரெட் புடிக்கிறீங்க" என்று சேர்த்துக்கொண்டார். மேனேஜர் அன்றிலிருந்து சிகரெட்டுக்காகக் கீழே லோரி நிற்கும் இடத்துக்குப் போக ஆரம்பித்தார். அவர் எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மணிக்கு வந்தார் என்பதும் அக்காவுக்குத் தெரிந்துதான் இருந்தது.

கோலா சிலாங்கூர் கடலோரத்திலிருந்து கெர்லிங் மலையடிவாரம் வரை, இந்த வட சிலாங்கூரில் அவருக்குத் தெரியாமல் ஒரு மனிதன் தும்மியிருக்க முடியாது என்பது என் துணிபு. கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். நீங்கள் ஒன்பது வருடம் அவர் பார்வையில் உட்கார்ந்து வேலை செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பத்தியை எழுதுகிறவன், மற்ற நாட்களில் ரவாங்கில் ஒரு லோரிப் போக்குவரத்து ஆபிஸில் போன் எடுக்கிறவன். கடைவீட்டு மாடியில் ஆபிஸ். தோட்டங்களுக்கு உரம், தஞ்சோங் காராங் பக்கமிருந்து அரிசி மூட்டை, எங்கெங்கோ போகும் சிமெண்டு என்று எங்கள் லோரிகள் ஏற்றாத பொருள் இல்லை. மேனேஜரைத் தவிர்த்து நாங்கள் ஒன்பது பேர். நான் கோலா குபு பாருவிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருவேன். அக்கா பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில் வருவார். ஊர்ப் பெயரை மாற்றி எத்தனையோ காலமாகியும் அவர் வாயில் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். அவர் பிறந்த தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் பெருமூச்சு விட்டதில்லை. "லயத்து வரிசை வீட்டுல கக்கூஸ் பொதுவுல இருந்துச்சு, இப்ப வீட்டுக்குள்ள இருக்கு, எது நல்லது?" என்பார்.

அவர் மேசை படிக்கட்டின் தலைமாட்டில் இருந்தது. ஏறுகிறவர், இறங்குகிறவர், கழிப்பறைக்குப் போகிறவர், ஐஸ்பெட்டியைத் திறக்கிறவர் எல்லாரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். நேர் எதிரே மேனேஜரின் கண்ணாடி அறை. டிரைவர்கள் சரக்கை இறக்கிவிட்டுக் கொண்டுவரும் டி.ஓ. என்கிற டெலிவரிச் சீட்டுகளை வாங்கிச் சரிபார்த்து, தேதி போட்டு, 'சாப்' என்கிற ரப்பர் முத்திரை அடிப்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை. மற்றதெல்லாம் அவராக எடுத்துக்கொண்டது.

"நாதா, நேத்து பதினோரு மணிக்கு டாய்லெட்டுக்குப் போன. பதினொன்னு இருவதுக்குத்தான் வெளிய வந்த. வயிறு சரியில்லையா?"

இதை என் காதோடு கேட்டால் பரவாயில்லை. கீழே டயர் மாற்றிக்கொண்டிருக்கும் ஆளுக்கும் கேட்கிற மாதிரி கேட்பார். அன்று மத்தியானத்துக்குள் மூன்று டிரைவர்கள் எனக்கு வயிற்று வைத்தியம் சொல்லிவிட்டார்கள். ஒருவர் மாதுளைத் தோலைக் காயவைத்துப் பொட்டலம் கட்டியே கொண்டுவந்துவிட்டார்.

லோரிகளின் லைசென்ஸ், காப்புறுதி விவகாரங்களைப் பார்க்கும் மலாய்க்காரப் பெண் காக் ரோஸ் ஒருநாள் ஐஸ்பெட்டியில் வைத்திருந்த இறால் சம்பல் காணாமல் போனது. காக் ரோஸ் நாற்காலியில் உட்கார்ந்து கண் கலங்கிவிட்டார். அவருடைய மகள் முதல்முதலாகச் சமைத்தது. அக்கா எழுந்தார். எட்டு பேர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு நேராகக் கண்ணாடி அறைக்குள் போனார். "போஸ், இன்னிக்கு ரெண்டு தரம் கை கழுவப் போனீங்க. ஒம்போது வருசத்துல நீங்க ஒரு தரம்கூடப் போனதில்ல" என்றார். மறுநாள் காக் ரோஸ் மேசையில் ஒரு கிலோ இறால் இருந்தது.

மேனேஜருக்கு அந்த அறையே பாரமாகிப் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அக்காவின் அப்பா தோட்டத்து ஆலையில் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று நின்று காது போனவர். வீட்டில் எல்லாரும் வாயசைவில்தான் பேசிக்கொள்வார்களாம். ஆகவே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் பேசினாலும் அக்கா இந்தப் பக்கம் இருந்து படித்துவிடுவார். ஒரு தீபாவளிக்கு முன்னால், லீவு விஷயமாக மேனேஜர் கோலாலம்பூர் தலைமையகத்துடன் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, அக்கா எங்களுக்கு நேரடி வர்ணனை கொடுத்தார்.

"'ரெண்டு நாள் குடுக்க முடியாது'ங்கிறார். 'இவனுங்க கேப்பானுங்க'ங்கிறார். ஆங்... 'சரி ஒண்ணரை நாள்'ங்கிறார். இப்ப என்னையப் பாக்கிறார். ஐயோ, திரும்பிட்டார்."

மறுநாளே மேனேஜர் தன் முகத்துக்கு நேராகக் கண்ணாடியில் ஒரு பெரிய காலண்டரை ஒட்டினார். அக்கா ஒரு வாரம் பொறுத்தார். பிறகு உள்ளே போய், "போஸ், காலண்டர் அவ்வளவு ஒசரத்துல இருந்தா தேதி தெரியல, சாப் தப்பாப் போகுது. கொஞ்சம் எறக்கி ஒட்டுங்க" என்றார். வேலைக்கு உபயோகமான காரியமாயிற்றே, அவரும் இறக்கி ஒட்டினார்.

இவ்வளவும் வேடிக்கைதான். ஆனால் யாருக்கும் வேடிக்கையாகத் தோன்றாத பொருள் ஒன்று அவர் இழுப்பறையில் இருந்தது. மளிகைக் கடைகளில் வைத்திருப்பார்களே, உள்ளங்கை அகலத்தில் 555 என்று எண் போட்ட சின்ன நோட்டுப் புத்தகம், அது. எங்களைப் பார்ப்பார், எழுதுவார், மூடுவார். யார் எட்டிப் பார்த்தாலும் கை வைத்து மறைத்துக்கொள்வார். அது மாதா மாதம் மேனேஜருக்குப் போகிறது என்று எங்கள் எட்டு பேரில் ஒருவருக்கும் சந்தேகமே இல்லை.

இதில் அதிகம் நம்பியவன் நான். ஒரு மாதத்தில் மூன்று நாள் ரயில் தாமதமாகி நானும் தாமதமாக, எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்கவே இல்லை. அன்றிலிருந்து அக்காவோடு பேச்சை நிறுத்தினேன். எட்டு மாதம். கட்டைவிரல் வைக்கும் இயந்திரமே பட்டியலைத் தலைமையகத்துக்கு அனுப்பிவிடுகிறது என்பது இடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் பேசவில்லை. தப்பு என் பேரில் என்று ஒப்புக்கொள்ள எனக்கு அப்படி ஒரு கௌரவக் குறைச்சல். அக்கா தன் பாட்டுக்குத் தினமும், "நாதா, சாப்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் காதில் விழாத மாதிரி போனை எடுத்துக்கொள்வேன்.

அப்போதுதான் அமிரா வந்தாள். வந்தது என்று சொல்ல வேண்டும். தலைமையகம் வாங்கிய செயற்கை நுண்ணறிவுக்கு அவர்களே வைத்த பெயர் அது. டிரைவர் டி.ஓ.வைப் படம் பிடித்து அனுப்பினால் அதுவே படித்துப் பதிவு செய்துகொள்ளும். எந்த லோரி எந்த வழியாகப் போக வேண்டும் என்று அதுவே சொல்லும். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் திட்டினால் நான்கு மொழியில் மன்னிப்புக் கேட்கும். தமிழில் அது எழுதிய மன்னிப்பு நான் எழுதுவதைவிட நன்றாக இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வலித்தது அங்கேதான்.

அதை அறிமுகப்படுத்த தலைமையகத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து பிரியா என்ற பெண் வந்திருந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். அக்கா ஒரு நாற்காலியை இழுத்து அமிராவின் திரைக்கு எதிரே போட்டுக்கொண்டு, 555 புத்தகத்தைத் திறந்துவைத்து, அதையும் கண்காணிக்க ஆரம்பித்தார்.

"ஏம்மா, இது எப்ப டீ குடிக்கும்?"

"குடிக்காது ஆன்ட்டி."

"லீவு?"

"எடுக்காது."

"நாம வேணும்னே தப்பா கேட்டா கோவிச்சுக்குமா?"

"கோவமே வராது ஆன்ட்டி. அதான் இதுல பெஸ்ட்டு லா."

"அப்ப இதப் பத்தி எழுத ஒண்ணுமில்ல" என்று அக்கா புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனார். நாங்கள் சிரித்தோம். நாங்கள் ஒன்பது பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

மூன்று மாதம் கழித்துப் பிரியா மறுபடி வந்தாள். எல்லாரையும் கண்ணாடி அறைக்குள் நிற்கவைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஒம்போது பேர்ல நாலு பேருக்குத்தான் எடம் இருக்கு. முடிவு மேல எடுத்தது. அமிராவால செய்ய முடியாத எத நீங்க செய்றீங்க? ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. ரெண்டு வாரம் டைம். சோரி."

அந்த இரண்டு வாரத்தில் எங்கள் ஆபிஸ் மாதிரி சுறுசுறுப்பான ஆபிஸை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒருவர் போனை இன்னொருவர் பாய்ந்து எடுத்தார். ஐஸ்பெட்டியை மூன்று பேர் துடைத்தார்கள். மேனேஜர் இருமினால் ஐந்து பேர் தண்ணீர் கொண்டுபோனோம். வீட்டில் எனக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கடன் கட்டி முடிக்க இருபத்திரண்டு வருடம் இருக்கும் ஒரு வீடு.

ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன். "காலையில் வருகிறேன். போன் எடுக்கிறேன். டிரைவர்களுடன் பேசுகிறேன்" என்று மூன்று வரி வந்தது. திரும்பப் படித்தபோது, நானே முதலாளியாக இருந்தால் என்னை அன்றே அனுப்பியிருப்பேன் என்று தோன்றியது. வேறு வழி தெரியவில்லை. கைப்பேசியில் இருந்த செயற்கை நுண்ணறிவைத் திறந்தேன். அமிராவால் முடியாதது என்ன என்பதை அமிராவின் ஒன்றுவிட்ட தங்கையிடம் கேட்ட புத்திசாலி நான். அது இரண்டு நொடியில் எழுதிக் கொடுத்தது: "நான் வெறும் ஊழியர் அல்ல, மனிதர்களையும் தொழில்நுட்பத்தையும் இணைக்கும் பாலம். சவால்களை வாய்ப்புகளாக மாற்றுவதே என் இயல்பு." படித்ததும் எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

கெடு முடிந்த அன்று பிரியா தாள்களை மேசையில் பரப்பினாள். ஒவ்வொன்றாகப் படித்து முடித்தாள்.

"அண்ணே, இங்க எட்டு பேரும் பாலமா இருக்கீங்க" என்றாள்.

நான் தமிழில் பாலம். காக் ரோஸ் மலாய் மொழியில் பாலம். ஸ்டோரைப் பார்க்கும் மணியம் ஆங்கிலத்தில் பாலம். மணியத்துக்கு ஆங்கிலத்தில் தன் பெயரை எழுதுவதற்குள் வியர்த்துவிடும். எட்டு பேரும் சவால்களை வாய்ப்புகளாக மாற்றியிருந்தோம். "தண்ணியே இல்லாத ஆபிஸ்ல எட்டு பாலம் எதுக்கு அண்ணே?" என்று கேட்டபோது அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

"ஆன்ட்டி, உங்க பேப்பர் மட்டும் வரலயே?"

"எனக்கு அப்படியெல்லாம் எழுத வரலம்மா" என்றார் அக்கா. எழுந்து போய் இழுப்பறையைத் திறந்தார். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய கட்டு ஒன்றை எடுத்துவந்தார். பதினோரு 555 புத்தகங்கள். "இதுதான் இருக்கு. வேணும்னா பாருங்க."

ஒன்பது வருடக் கழிப்பறைக் கணக்கு அந்தக் கட்டில் இருந்தது. பிரியா அதைப் பையில் போட்டுக்கொண்டு போனதும், எட்டு மாதம் பேசாதவன் பேசினேன்.

"எங்க எட்டு பேர் பொழப்பையும் கட்டா கட்டிக் குடுத்துட்டீங்களே! நல்லா இருங்க. இன்னிக்கு ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வரும்ல?"

யாரும் என்னைத் தடுக்கவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார். "காலையிலேருந்து நீ ஒண்ணும் சாப்பிடல நாதா. என் மேசையில ரொட்டி இருக்கு, எடுத்துக்க" என்றார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ரொட்டி சாயங்காலம் வரை அங்கேயே இருந்தது.

மூன்றாம் நாள் பிரியா ஒவ்வொருவராகக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டாள். மேனேஜர் கீழே போயிருந்தார். நான் உட்கார்ந்ததும் ஒரு 555 புத்தகத்தைத் திறந்து, "இத நான் படிக்கிறேன், கேளுங்க" என்றாள்.

"'நாதன். திங்கள். டிரைவர் போன்ல கெட்ட வார்த்த பேசினான். நாதன் போன வைக்கல. நாலு நிமிசம் கேட்டான். அப்பறம், சாப்டீங்களாண்ணேன்னு கேட்டான். அந்த ஆள் அழுதான். சாமான் சாயங்காலமே போய்ச் சேந்துச்சு.'"

பக்கத்தைத் திருப்பினாள்.

"'நாதன். புதன். அமிரா சுங்கை புரோங் லோரிய வாய்க்கா ரோட்டுல போகச் சொல்லுது. நாதன் வேணாம்னான். அறுவடை வாரம், அறுப்பு மிசின் ரோட்ட அடச்சிக்கிட்டு நிக்கும்னான். அந்தக் கம்பத்து ஊர்க்காரனுக்கு போன் பண்ணிக் கேட்டான். நின்னுச்சாம்.'"

இன்னொன்று. "'நாதன். வெள்ளி. நேத்து டாய்லெட்டுல இருவது நிமிசம். அழுதிட்டு வந்தான். வீட்டுல என்னமோ. வயிறு சரியில்லையான்னு சத்தமா கேட்டுட்டேன், யாரும் வேற மாதிரி நெனைக்க வேணாம்னு.'"

என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அது. மாதுளைத் தோல் பொட்டலம் ஞாபகம் வந்தது. என்னால் பிரியாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"எல்லாருக்கும் இப்படித்தான் எழுதியிருக்காங்க அண்ணே. ஒரு எடத்துலகூட யாரப் பத்தியும் தப்பா எழுதல. இத வச்சித்தான் நான் மூணு பேர எடுத்துட்டேன். நாலாவது எடத்துக்கு உங்க பேர பென்சில்ல எழுதி வச்சிருக்கேன். ஆனா எனக்கு ஆன்ட்டிய விட மனசு வரல. பதினோரு புத்தகத்துல அவங்க பேர் ஒரு வரிகூட இல்ல. பேப்பரும் குடுக்கல. கேட்டா, 'என்னையப் பத்தி நான் என்னம்மா எழுதறது'ங்கிறாங்க. மேலிடத்துக்குக் காட்ட எனக்கு ஒரே ஒரு வரி வேணும். அவங்க என்ன செய்றாங்க? ஒம்போது வருசம் பக்கத்துல இருந்திருக்கீங்க, சொல்லுங்க."

எனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தது. வாய்வரை வந்தும் விட்டது. கூடவே, நாலாவது இடம் ஒன்றுதான் என்பதும், என் பெயர் பென்சிலில் எழுதியிருக்கிறது என்பதும், பென்சில் அழியும் என்பதும் தெரிந்தது.

"டி.ஓ.வுக்கு சாப் அடிப்பாங்க" என்றேன்.

"வேற?"

"வேற... அவ்வளவுதான்."

நிமிர்ந்தேன். இறக்கி ஒட்டிய காலண்டருக்கு மேலே, எதிர் மேசையில், அக்கா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நொடி இருக்கும். பிறகு கண்ணைத் தாழ்த்தி, சாப் மை டப்பாவின் மூடியை மெதுவாக அழுத்தி மூடினார்.

என் வாழ்க்கையில் நான் செய்த கீழ்த்தரமான காரியம் அதுதான். அதற்குப் பிள்ளைகளைக் காரணம் சொல்லலாம், வீட்டைக் காரணம் சொல்லலாம். சொல்லிப் பார்த்திருக்கிறேன். எடுபடவில்லை.

ஐந்து பேருக்குக் கடிதம் வந்தது. அவர்களில் அக்காவும் ஒருவர். மேனேஜர் மட்டும், "பாத்துக்கிட்டு உக்காந்திருக்க ஆள் எதுக்கு, அதான் கேமரா இருக்கே" என்றார். பதினாறில் ஐந்து இருந்தது, உண்மைதான். அதே வாரம் காக் ரோஸ் சொல்லித்தான் இன்னொன்று தெரிந்தது. அக்காவின் கணவருக்கு இரண்டு வருடமாக டயாலிசிஸ். வாரம் மூன்று நாள் விடியற்காலையில் அவரை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக் கட்டிப்பிடித்துக்கொள்ளச் சொல்லி, மையத்தில் இறக்கிவிட்டுத்தான் வேலைக்கு வருவார். கம்பெனி மருத்துவ அட்டை இனிச் செல்லாது என்பதால் ஏதோ படிவம் நிரப்ப காக் ரோஸிடம் உதவி கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லாததுகூட அவருக்குத் தெரியும். அவர் வீட்டைப் பற்றி எங்கள் எட்டு பேரில் ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசி நாள் அவர் மேசை மேசையாகப் போனார். காக் ரோஸிடம் கண்ணாடியை மாற்றச் சொன்னார். தலைவலி அதனால்தான் என்றார். மணியத்திடம் இடது காலை ஊன்றி நடக்காதே என்றார். என்னிடம் வந்தபோது நான் போன் பேசுவதுபோல நடித்துக்கொண்டிருந்தேன். எதிர்முனையில் யாருமில்லை என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? காத்திருந்தார். வைத்தேன்.

"நாதா, கண்ணாடி ரூம்ல பேசறப்ப முதுக இந்தப் பக்கம் காட்டி உக்காரு" என்றார். "இனிமே இங்க பாக்க யாரும் இல்ல. இருந்தாலும் பழகிக்க."

கோபமாகச் சொல்லவில்லை. குடை எடுத்துக்கொண்டு போ என்கிற மாதிரி சொன்னார். கீழே கப்சாய் மூன்று உதைக்குப் பிறகு கிளம்பும் சத்தம் கேட்டது.

அவர் போனபிறகு ஆபிஸ் தடுமாறியது, லோரிகள் வழிதவறின என்றெல்லாம் எழுத எனக்கு ஆசைதான். ஒன்றும் ஆகவில்லை. அமிரா ஒழுங்காக வேலை செய்தது. டி.ஓ. ஒன்றுகூடத் தொலையவில்லை. தலைமையகம் எங்கள் நாலு பேருக்கும் 'மதிப்புமிக்க ஊழியராக நீடிப்பது எப்படி' என்று மூன்று மணி நேர இணைய வகுப்பு நடத்தியது. அதில் மறுபடியும் அந்தப் பாலம் வந்தது. நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். போன மாதம் ஒருநாள் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்து, கழிப்பறையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தேன். படிக்கட்டுத் தலைமாட்டில் அமிராவின் திரை மட்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. போய் உட்கார்ந்து போனை எடுத்தேன்.

அக்கா ரவாங்கில் ஒரு பேரங்காடியில் இருப்பதாக ஒரு டிரைவர் சொன்னார். சாமான் வாங்குகிறவர்களே இயந்திரத்தில் காட்டிக் கட்டணம் செலுத்திவிட்டுப் போகும் வரிசை இருக்கிறதல்லவா, அங்கே நின்று பார்த்துக்கொள்ளும் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும், நாற்காலி கிடையாது. நான் போனேன். மூன்று சனிக்கிழமை போனேன். மூன்று தடவையும் வேண்டாத பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு, கடைசிக் கோடியில் ஆள் இருக்கும் கவுண்டரில் தலை குனிந்தபடி நின்றுவிட்டு வந்தேன். நாலாவது சனிக்கிழமை அவர் வரிசைக்குப் போனேன். இயந்திரம் என் பிஸ்கட்டை ஏற்றுக்கொள்ள மறுத்துக் கத்தியது.

"திருப்பிக் காட்டு நாதா, கோடு அந்தப் பக்கம் இருக்கு" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. "மூணு வாரமா இதே பிஸ்கட்டு. உன் வீட்டுல யாரும் திங்க மாட்டாங்களே. இன்னிக்குத்தான் இந்தப் பக்கம் வர தைரியம் வந்துச்சாக்கும்?"

அழுதுவிட்டேன். பேரங்காடியில், சனிக்கிழமைக் கூட்டத்தில், நாற்பது வயது ஆம்பிளை. சட்டைப் பையிலிருந்து புதிதாக வாங்கிய ஒரு 555 புத்தகத்தை எடுத்து நீட்டினேன். முதல் பக்கத்தில் அவர் பாணியிலேயே எழுதியிருந்தேன்: "அக்கா. நாதன் எட்டு மாசம் பேசல. அக்கா தினமும் சாப்டியான்னு கேட்டாங்க. நாதன் வேலை போகாம இருக்க எழுதிக் குடுத்தாங்க. கேட்டப்ப நாதன், சாப் அடிப்பாங்கன்னு மட்டும் சொன்னான்."

அவர் இரண்டு தடவை படித்தார். காலை மாற்றி ஊன்றிக்கொண்டார். பிரியாவுக்குப் போக வேண்டிய வரி ஒரு வருடம் கழித்து, எதற்கும் உதவாத இடத்தில் வந்து சேர்ந்திருந்தது. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"தேதி போடல நீ" என்றார்.

"இப்ப போடறேன்கா."

"இரு." என் பையிலிருந்த பேனாவை அவரே உருவி, என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்து, கை வைத்து மறைத்துக்கொண்டு ஏதோ எழுதினார். அதற்குள் பக்கத்து இயந்திரம் கத்தியது. புத்தகத்தை என் பையில் செருகிவிட்டு, "அங்கிள், அந்த மீன இன்னும் மிசினுல காட்டல!" என்று சத்தம் போட்டபடி விந்தி விந்தி நடந்துபோனார். கார் நிறுத்துமிடத்துக்கு வந்துதான் பிரித்துப் பார்த்தேன்.

"நாதன். சனி. வந்தான். ரொம்ப எளச்சிட்டான்."